முப்பதில் ஏழாவது

என் அக்கா கணவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கையுறை. நேரில் அத்தான், முதுகுக்குப் பின்னால் கையுறை. பல் செட் செய்து கொடுக்கிற பட்டறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். ஊரார் கடித்துக் கொடுத்த அச்சுகளை வெறுங்கையால் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவி, துடைத்து, வெள்ளைப் பருத்திக் கையுறை மாட்டிக்கொள்வார். எதற்கு என்கிறீர்கள்? காகிதத்தைத் தொட.

சும்மா காகிதம் என்று சொல்லிவிட்டால் அத்தான் இரண்டு நாள் பேசமாட்டார். இப்போது உயிரோடு இருக்கிற ஓவியர் ஒருவர் ஒரு படம் வரைகிறார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக மெல்லிய துணித் திரை கட்டி, அதன் வழியே ஒன்றன்மேல் ஒன்றாக மை இழுத்து, சரியாக முப்பது பிரதி அச்சடிக்கிறார். ஒவ்வொன்றின் கீழ் ஓரத்திலும் பென்சிலால் எண் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அப்புறம் திரைகளை அழித்துவிடுகிறார், முப்பத்தோராவது பிரதி பூமியில் பிறக்கவே கூடாது என்று. அந்த முப்பதில் ஒன்றுக்கு அத்தானைப் போன்றவர்கள் அடித்துக்கொள்கிறார்கள். இதை இன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே, அன்றைக்குத் தெரிந்திருந்தால் நான் ஏன் இந்தக் கதையில் வரப்போகிறேன்?

நான் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவன். ஒரு மெஷின் முப்பது பிரதியோடு நின்றுவிட்டால் கடைக்காரர் எனக்கு போன் போட்டுத் திட்டுவார். அத்தான் மட்டும்தான் அதற்கு ஆனந்தக் கண்ணீர் விடுகிறவர்.

படம் விற்பனைக்கு வருகிற நாளில் அவரைப் பார்க்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு இன்டர்நெட்டில் விற்பனை திறக்கும், பதினொன்று இரண்டுக்கு முப்பதும் தீர்ந்துவிடும். பட்டறையில் மெழுகு உருகிக்கொண்டிருக்க, அத்தான் ஒரு கையில் போனும் மறு கையில் யாருடைய கீழ்த்தாடையோவும் வைத்துக்கொண்டு நிற்பார். ஒருமுறை அந்தப் பரபரப்பில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு இரண்டு கடைவாய்ப்பல் இடம் மாறிப்போனது. அவர் ஒரு வாரம் எதையும் மெல்ல முடியாமல் இருந்தாராம். அத்தானுக்கு அன்று கிடைத்தது முப்பதில் ஏழாவது. "சின்ன நம்பர்" என்று எங்கள் எல்லோருக்கும் போன் செய்து சொன்னார். பாவம் நீதிபதி.

வீடு மூன்றாவது மாடியில். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சின்ன அறை. சின்ன அறையில் படங்கள் குடியிருக்கின்றன. மூடிப்போன ஏதோ அலுவலகத்தில் வரைபடங்கள் வைத்திருந்த இரும்பு அலமாரி ஒன்றை வாங்கி, அகலமான டிராயர்களில் படுக்கவைத்திருக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசான தாள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்ட ஒரு மீட்டர். ஏசி.

அக்கா கூடத்து ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பாள். பேன்ட் நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. மத்தியான வெயில் முழுவதும் அவள் தலையில்தான் இறங்கும். படங்களுக்கு ஏசி, அக்காவுக்கு மின்விசிறி. அதுவும் துணி பறக்கும் என்று இரண்டாம் நம்பரில். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் பிள்ளைகளையும் டிராயரில்தான் வைத்திருப்பார் மனிதர்.

வருடத்துக்கு இரண்டு முறை எங்களுக்கு தரிசனம் கிடைக்கும். வரிசையாக உள்ளே போக வேண்டும். கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். "பக்கத்துல வந்து மூச்சு விடாத மச்சான், ஈரம் ஏறிடும்" என்பார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கலையை ரசித்திருக்கிறேன். டிராயரை இழுத்து, தாளை விலக்கி, பத்து எண்ணுவதற்குள் மூடிவிடுவார். அதிலும் படத்தின் கீழ் ஓரத்தைத் திறக்கவே மாட்டார். அங்கே பென்சில் எழுத்து இருக்கிறதாம், கலைந்துவிடுமாம், அதனால் அந்த இடத்தில் தாள் மூடியபடியே இருக்கும். மூடியிருக்கும்போதே அவர் பேசிக்கொண்டு போவார்: எத்தனை நிறம், எந்த ஊர்க் காகிதம், எத்தனை பிரதி. பதினொரு வருடம் அதை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். நம்பர் கிம்பர் எல்லாம் கூட வருகிற சர்டிபிகேட்டில் இருக்கும் என்பது என் அபார ஞானம்.

அந்த ஏழாவது படத்தை அக்காவுக்கு ரொம்பப் பிடிக்கும். மொட்டை மாடியில் கொடிக்கயிறு. கயிற்றில் ஒரு பெரிய சிவப்புப் போர்வை காற்றில் உப்பி நிற்கிறது. போர்வைக்குக் கீழே ஒரு பெண்ணின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். பக்கத்தில் மஞ்சள் வாளி. அவ்வளவுதான் படம். ஆனால் அந்தச் சிவப்பு இருக்கிறதே, நானே சொல்கிறேன், ஜெராக்ஸ் டோனர் மையில் வராது அப்படி ஒரு சிவப்பு. "ஒத்தைச் செருப்புதான்டா போட்டிருக்கா" என்று அக்கா முதல் தரிசனத்திலேயே என் காதில் சொன்னாள். "இன்னொண்ணு எங்க போச்சோ."

போன வருடத்துக்கு முந்தின வருடம் அக்கா ஒரு பேன்ட்டின் இரண்டு காலையும் சேர்த்துத் தைத்துவிட்டாள். வாடிக்கையாளர் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். அடுத்த மாதம் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டாள். அப்புறம் படியில் விழுந்தாள். டாக்டர் பரிசோதனை எல்லாம் முடித்துவிட்டு, கண்ணுக்குள் இருக்கிற திரை ஓரத்திலிருந்து கெட்டுக்கொண்டே வருகிறது, பார்வை குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி சுருங்கும், அப்புறம் அதுவும் அடைந்துவிடும் என்றார். மருந்து இல்லை. ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை.

அக்கா அழவில்லை.  அத்தான் டாக்டர் கொடுத்த சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். வீடு வரை அதையே செய்துகொண்டு வந்தார்.

அன்று மாலையே அக்கா கேட்டுவிட்டாள். நான் டீ குடித்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.

"ஏங்க, அந்தச் சிவப்புப் போர்வைய எடுத்து இந்தச் செவத்துல மாட்டுங்க. உக்காந்து தைக்கும்போது நிமிந்தா தெரியணும். இருக்கிற வரைக்கும் டெய்லி பாத்துக்கிறேன்."

அத்தான் தலையில் இடி விழுந்தவர் மாதிரி சுவரைப் பார்த்தார். "இங்கயா? மத்தியானம் பூரா வெயில் அடிக்குமே. சிவப்பு போயிடும்மா. வெயில் பட்டா முதல்ல போறதே சிவப்புதான்."

"எனக்கு முதல்ல எது போகும்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்லட்டுமா?"

மனிதர் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து போய் ஈர மீட்டரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து சொன்னார்: "தம்பிகிட்ட சொல்லி நல்லதா ஒரு கலர் ஜெராக்ஸ் எடுத்து மாட்டிடலாம். அச்சு அசலா இருக்கும்."

என் தொழில்மேல் பதினொரு வருடத்தில் அவர் காட்டிய முதல் மரியாதை அது. அக்கா ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள், முடியவில்லை, வைத்துவிட்டாள்.

"டிராயருக்கு ஒரிஜினல், எனக்கு ஜெராக்ஸா?" என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் டீ கிளாஸை அங்கேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். கல்லுக்குள் ஈரம் இருக்கும் என்பார்கள். இந்த மனிதரிடம் மீட்டர் வைத்துப் பார்த்தாலும் தெரியாது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்.

நான்கு மாதம் அப்படியே போனது. அக்கா ஜிப் வேலையை விட்டாள், பிறகு இடுப்புப் பிடிப்பதை விட்டாள். கடைசியில் நேர்த் தையல் மட்டும் மிஞ்சியது. அத்தானோ மாதம் ஒரு புது கண் டாக்டர் பெயரைக் கொண்டுவருவார், எல்லோரும் அதையே சொல்வார்கள். ஆனால் படம் மட்டும் டிராயரை விட்டு வெளியே வரவில்லை.

அப்போதுதான் பல் செய்கிற புது இயந்திரம் ஒன்றைப் பழக அவரை மூன்று நாள் வெளியூருக்கு அனுப்பினார்கள். அவர் பஸ் ஏறின அரை மணி நேரத்தில் அக்கா எனக்கு போன் செய்தாள். "வாடா. சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

சாவி அலமாரி மேல் இருந்த மாதிரிப் பல் செட்டின் வாய்க்குள் இருந்தது. நான் டிராயரை இழுக்கப் போனேன். அக்கா தடுத்தாள். "இரு, கையுறை போட்டுக்கிறேன். அவர் இல்லன்னாலும் ஒரு மரியாதை வேணாமா?" தடவித் தடவி மாட்டிக்கொண்டு, தாளோடு சேர்த்து எடுத்து, இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டினாள். குரங்கு கையில் பூமாலை என்று ஒரு பழமொழி இருக்கிறது அல்லவா? அந்தப் பூமாலையை அவள்தான் தன் கையால் என்னிடம் கொடுத்தாள்.

எங்கள் தெருவில் ஒரு பிரேம்காரர். பட்டமளிப்பு விழாப் படம், கல்யாணப் படம், போட்டியில் வாங்கிய சான்றிதழ், எல்லாம் அவர் கடையில்தான் கண்ணாடிக்குள் போகும். படத்தை மேஜையில் விரித்து, ரெடியாக இருந்த ஒரு மர பிரேமை மேலே வைத்துப் பார்த்தார். நாலு பக்கமும் மூன்று விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"சுத்தி வெள்ளை நிறைய விட்டிருக்காங்களே. அளவெடுத்துப் புதுசா பண்ணணும்னா பத்து நாள் ஆகும். வெட்டிட்டா இப்பவே தர்றேன்."

அத்தான் வர மூன்று நாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் என்னைப் பார்த்துக்கொள்ளலாம். "வெட்டுங்க" என்றேன். ஓரம் வெட்டுவது என் தொழிலில் தினசரி நடக்கிற காரியம்.

பிரேம்காரர் நல்ல மனிதர், இன்னொரு முறையும் கேட்டார். "கீழ பென்சில்ல ஏதோ கிறுக்கியிருக்கே?"

"அதைத்தாங்க முதல்ல வெட்டணும்" என்றேன்.

அன்றே கொண்டுபோய்க் கூடத்துச் சுவரில் மாட்டினேன். அக்காவுக்கு ஓரம் போனது தெரியவில்லை. அவளுக்குத்தான் ஓரமே தெரியாதே. குழாய் வழியாகப் பார்க்கிற பார்வையில் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவிப் பார்த்தாள். வாளி, கயிறு, பாதம். சிவப்பு வந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். மூன்று நாளும் அவள் ஒரு பேன்ட் கூடத் தைக்கவில்லை. போனில் என்னிடம், "செருப்புல ஒரு வார் அறுந்திருக்குடா, நீ கவனிச்சியா?" என்றாள். நான் எங்கே கவனித்தேன்? அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. அத்தான் வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கலாம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

அத்தான் பையை இறக்கி வைத்தார். சுவரைப் பார்த்தார். சிவப்பைப் பார்க்கவில்லை, வாளியைப் பார்க்கவில்லை. பார்வை நேராகப் படத்தின் அடியில் போய் நின்றது.

"நம்பர் எங்க?" என்றார்.

"சர்டிபிகேட்ல இருக்குமே அத்தான்."

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதற்குத்தான் தயாராக வந்திருந்தேன். அவர் அக்காவின் தையல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பென்சில் எண்ணும் கையெழுத்தும் போனால் அந்தப் படம் முப்பதில் ஒன்று இல்லை, எதிலும் ஒன்று இல்லை என்று மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி முதல்முறையாகச் சொன்னார்.  கேட்க வைத்திருந்த நாலு கேள்விக்கும் அதற்குப் பிறகு வேலை இல்லை.

இருவருமாகப் பிரேம் கடைக்கு ஓடினோம். குப்பையில் இல்லை. பிரேம்காரர் சிக்கனமானவர், நல்ல தடித்த காகிதத்தை வீணாக்குவாரா? வெட்டின துண்டை ஒரு கல்யாணப் படக் கட்டுக்குள் செருகி, துண்டின் பின்பக்கம் பேனாவால் "கண்ணாடி வேண்டாம், புதன்கிழமை" என்று எழுதி வைத்திருந்தார். முன்பக்கம் முப்பதில் ஏழும் கையெழுத்தும் பத்திரமாக இருந்தன. அத்தான் அதைச் சட்டைப் பையில் இருந்த கையுறையைப் போட்டுக்கொண்டு வாங்கினார். வெளியூர்ப் பயணத்துக்கும் கையுறை கொண்டு போகிற மனிதர். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

வீட்டில் அக்கா காத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். என் தலையில் ஒரு குட்டு வைத்தாள், குறி தப்பிக் காதில் விழுந்தது. அத்தான் படத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு துண்டுக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பு எங்க மேலதான்" என்றாள் அக்கா. "ஆனா ஒண்ணு கேக்கிறேன், திரும்பாம சொல்லுங்க. அந்தப் பொண்ணு எந்தக் கால்ல செருப்பு போட்டிருக்கா?"

அத்தான் நிமிர்ந்தார். "பதினொரு நிறம்" என்றார். "சிவப்பே மூணு தடவை இழுத்திருக்கார். காகிதம் பஞ்சுல..."

"அது தெரியும். எந்தக் கால்?"

 பல்லின் ஒரு மயிரிழை வித்தியாசத்தைக் கண்ணால் கண்டுபிடிக்கிற மனிதர் அவர். நெற்றியைச் சுருக்கினார், கண்ணை மூடிப் பார்த்தார்.

"செருப்பு இருக்கா?" என்று கேட்டார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், நான்கு மாதம் அழாதவள், இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்குக் கண்ணு தெரியாமப் போனதும் நீங்கதானேங்க பாத்துச் சொல்லணும்? உங்களையே நம்பிட்டிருக்கேன். செருப்பு இருக்கான்னு கேக்கிறீங்க."

அத்தான் கையுறையைக் கழற்றினார். திரும்பிப் படத்தைப் பார்த்தார். நான் கிளம்பி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

படம் சுவரிலேயே தங்கிவிட்டது. அவர் ஒன்றும் ஒரே ராத்திரியில் ஞானி ஆகிவிடவில்லை. மற்ற படங்கள் இன்னும் டிராயரில், ஏசியில், சுகமாக இருக்கின்றன. அந்த மூன்று விரற்கடைத் துண்டுக்கும் தனித் தாள் போட்டுப் படுக்கவைத்திருக்கிறார். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? ஆனால் தினமும் பட்டறையிலிருந்து வந்ததும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒரு படத்தைப் பார்த்தார். வார் அறுந்த இடம், போர்வையின் மடிப்பு, வாளியின் நெளிசல். அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள், அவர் மாணவர் மாதிரி ஒப்பித்தார். நம்பரைச் சொன்னால் தொடையில் கிள்ளு விழும்.

டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. இப்போது அக்காவுக்கு வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்து வழக்கம்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். "வலது கால்ல செருப்பு..." என்றார்.

"இடது" என்றாள் அக்கா.

"இடதுதான். வாளிக்குள்ள இன்னும் ஒரு துணி இருக்கு. காத்து இந்தப் பக்கமிருந்து அடிக்குது."

நான் ரொம்ப நாள் கழித்து அன்றுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். மத்தியான வெயில் அதன்மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. போர்வையில் சிவப்பு இல்லை. அத்தான் பட்டறையில் பல் செட்டுக்கு ஈறு வைப்பார்களே, அந்த வெளிறின ரோஸ் நிறம்தான் இருந்தது. கயிற்றுப் பக்கம் அதுவும் இல்லை. அத்தான் அன்றைக்குச் சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது.

"போர்வை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"செக்கச்செவேல்னு இருக்கு" என்றார் அத்தான்.

அக்கா முகத்தை என் பக்கம் திருப்பினாள். "டேய், நீ சொல்லு. இவர் என்னை ஏமாத்துறாரா? வெயில் பட்டா முதல்ல சிவப்புதான் போகும்னு அன்னைக்கு என்னா குதி குதிச்சார்."

அத்தான் என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அவர் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"அத்தானுக்கு அன்னைக்கு ஒரு மண்ணும் தெரியலக்கா" என்றேன். "அப்படியே இருக்கு. நேத்து அச்சடிச்ச மாதிரி."

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் அக்கா.

"ஆமாம்மா" என்றார் அத்தான். "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."